இரண்டாம் சங்கு பற்றிய அபிப்பிராயங்கள்

ஒரு பாட்டைப் பற்றி நாம் என்ன அபிப்பிராயம் சொன்னாலும் அது பாட்டின் காதில் விழாது என்றொரு நம்பிக்கை உலகமெங்கும், படித்தவர்களிடையேகூட, பரவிக் கிடக்கிறது. இது பிழை. சாதாரணப் பிழையுமல்ல; பூமி தட்டை என்று நம்பியதற்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க பிழை; அதைவிட மோசமானது என்றே சொல்லலாம், ஏனென்றால் தட்டை என்று நம்பியதால் பூமிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. திருச்சியை அடுத்த பொன்மலையில், ரயில்வே பணிமனையின் ஆர்மரி கேட்டுக்கு எதிரே இருந்த பாக்கியா ரெக்கார்டிங் சென்டரில், எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் இது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது. நிரூபித்தவர்கள் அதற்கென்று மெனக்கெட்டவர்கள் அல்லர். கேசட் கேட்க வந்தவர்கள்.

அந்தக் கேசட்டை வாசித்தவர்கள் பாய்லர் ஷாப்பில் வேலை பார்த்த நான்கு பேர். கித்தார் மெல்வின் பெரைரா, டிரம்ஸ் இன்னாசி. பாடியவரும் பேஸ் கித்தார்க்காரரும் இரட்டையர்கள், பிற்பாடு ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போனார்கள், இந்தக் கதைக்குத் தேவைப்பட மாட்டார்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் நடனக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, ரெக்கார்டிங் சென்டர் பாக்கியநாதன் கொண்டுவந்து நிறுத்திய மைக்குகளின் முன்னால், வெளியே மாடு மிரண்டு ஓடும் அளவுக்கு வாசித்து முடித்தார்கள். காலையில் பணிமனையின் இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்டாதவன் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான் என்பதால், பொன்மலையில் மிகவும் அஞ்சப்படும் அந்த ஓசையின் பெயரையே கேசட்டுக்கு வைத்தார்கள்: இரண்டாம் சங்கு. என்ன வகைப் பாட்டு என்று அட்டையில் போடுவது என்று பாக்கியநாதன் கேட்டபோது மெல்வின் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னான், பாக்கியநாதன் அகராதியைப் புரட்டிப் பார்த்து 'முற்போக்கு ஹெவி மெட்டல்' என்று பச்சை மையில் எழுதினார். அந்த வகையில் அதற்கு முன்னால் பொன்மலையில் யாரும் எதுவும் கேட்டதில்லை, ஆகவே அது நல்லதா கெட்டதா என்று ஒப்பிட்டுச் சொல்ல ஆளும் இல்லை.

கேசட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. ஏழு ஏழாக எண்ணி விழும் அடியில் தொடங்கி, ஓடி, இளைத்து, இன்னொரு பாட்டைப் போல மாறி, மறுபடி தன் வீட்டுக்கே வந்து சேரும் பாட்டு. அதன் நடுவில், நால்வரும் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த இடத்தில், வியர்வையில் இன்னாசியின் வலக்கைக் குச்சி நழுவிச் சிமெண்டுத் தரையில் உருண்டு, கூடத்து மூலையிலிருந்த பியானோவுக்கு அடியில் போய்விட்டது. அந்த இடத்தில் பத்து விரலாலும் பாயவேண்டிய மெல்வின் பாயவில்லை. நின்றான். இரட்டையர்களும் நின்றார்கள். குச்சி உருளும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் ஓய்ந்தது, பிறகு மெல்வின் திரும்பிப் பார்க்காமலே தாழ்ந்த குரலில் சொன்னான்: "மெதுவா எடு மேன். நான் எங்க போகப் போறேன்?"

இன்னாசி எடுத்தான். அடித்தான். பாட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்தது.

மூன்று வாரம் கழித்து மெல்வின் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்து போனான், கேசட்டின் ஒரு பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. ரயில் நிலையத்தில் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். சொல்லவேண்டிய வேறு எதையும் இன்னாசி சொல்லவில்லை. ஆனால் அந்த நாள் முதல், கேசட்டைப் போட்டு, அந்த இடம் வரும்போது ஸ்பீக்கரில் காதை வைத்து, குச்சி உருள்வதையும் ஒருவன் தனக்காக நிற்பதையும் கேட்பது அவனுடைய வழக்கமாயிற்று. மனைவி ரெஜினாவிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. பல்வலிக்காரனைப் போல எதற்கு ஸ்பீக்கரில் சாய்கிறான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

முதல் அபிப்பிராயத்தைச் சொன்னவர் கேட் டீக்கடை சோலையப்பன். பாக்கியநாதன் கடைக்கு வெளியே ஸ்பீக்கரை வைத்து முதல் பக்கத்தைப் போட்டிருந்தார், சோலையப்பன் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டிக் கேட்டார்.

"நல்லாத்தான் அடிக்கிறான் இன்னாசி. ஆனா எதுக்கு இந்த அவசரம்? ரயிலா போயிடப் போகுது?"

மறுநாள் காலை அந்தப் பாட்டு நிதானமாக வந்தது. பாக்கியநாதன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ஹெட்டைத் துடைத்தார், பெல்ட் தளர்ந்திருக்கும் என்று பெல்ட்டை மாற்றினார், ஆனால் குரல்கள் அதே உயரத்தில் இருக்க அடி மட்டும் நிதானமாகியிருந்ததைக் கவனித்ததும் ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்துவிட்டார். அடுத்து யூனியன் செயலாளர் சம்பந்தம் வந்தார், அட்டையைக் கண்ணாடி வழியாகப் படித்தார், இரண்டு பாட்டு கேட்டார்.

"முற்போக்குன்னு போட்டிருக்கு. இதுல தொழிலாளி எங்க தோழர்?"

அன்று மாலையே மூன்றாவது பாட்டின் பின்னணியில் யாரோ ரிவெட் அடிக்கும் ஓசை சேர்ந்திருந்தது. பஜனைக் கோஷ்டி நடத்தும் வேங்கடவரதன், ஏழு ஏழாக வந்தால் தொடையில் தாளம் போடக் கை தடுமாறுகிறது, எட்டாக இருந்தால் சவுகரியம் என்றார்; எட்டாயிற்று. ஸ்டோர் கிளார்க்கின் மனைவி, நடுவே ஒரு புல்லாங்குழல் இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய பக்திப்பாடல் கேசட்டை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் நடுவே புல்லாங்குழல் வந்தது. அன்று இன்ஸ்டிட்யூட் கூடத்தில் புல்லாங்குழல் வாசித்தவர் எவரும் இல்லை என்பதை இரட்டையர்கள் ஈரோட்டிலிருந்து உறுதி செய்தார்கள்.

பொன்மலை இதைக் கண்டு திகைத்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. திகைக்கவில்லை. குழாயில் தண்ணீர் காற்றாய் வருவதைப் பற்றி, குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதைப் பற்றி, ரேஷன் அரிசியின் வாடையைப் பற்றி அவர்கள் வருடக்கணக்காக அபிப்பிராயம் சொல்லிவந்தார்கள், அவற்றில் ஒன்றுகூட எங்கும் போய்ச் சேர்ந்து எதையும் அசைத்ததில்லை. ஆகவே சொன்னதைக் காதில் வாங்கி மறுநாளே திருத்திக்கொள்ளும் ஒரு பொருள் ஊரில் இருக்கிறது என்று தெரிந்தபோது அவர்களுக்கு ஏற்பட்டது வியப்பல்ல, 'அப்பாடா, ஒண்ணாவது கேக்குதே' என்ற ஆறுதல். ஷிப்ட் முடிந்து வருபவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு வரிசையில் நின்றார்கள். ஹெவி மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாத கிழவர்கள் சவரம் செய்துகொண்டு வந்தார்கள். கட்டளையிட்டால் அந்தக் கேசட் மதிப்பதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். 'இதை மாற்று', 'பழையபடி ஆகு' என்றெல்லாம் சொல்லிப் பார்த்தவர்கள் தோற்றார்கள். அதற்கு அபிப்பிராயம்தான் புரியும், அதுவும் கேட்டுவிட்டுச் சொன்ன அபிப்பிராயம். கேட்காமலே சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள்; அவர்களுக்காக அது ஒரு இழைகூட அசைந்து கொடுக்கவில்லை. விமர்சனக் கலை பற்றி இதைவிடக் கறாரான விதியை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை வகுத்ததில்லை.

பிரதிகளும் அப்படித்தான். பாக்கியநாதன் எடுத்துக் கொடுத்த பிரதிகள் காலனி முழுக்கப் பரவியிருந்தன, அவை சொந்தக்காரர்களைப் போல இருந்தன: ஒன்றிடம் ஏதாவது சொன்னால் அன்றைக்கே எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் மாமியார் கத்தலைக் குறை சொன்னால் நான்கு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் மருமகன் போட்டிருக்கும் கேசட்டில் பாட்டுக்காரன் குரலைத் தாழ்த்தினான். இதனால் குடும்பச் சண்டைகள் வந்தன. பாக்கியநாதன் 'அபிப்பிராயங்களை வெளியே சென்று சொல்லவும்' என்று பலகை எழுதி மாட்டினார், எல்லோரும் வெளியே சென்று சொன்னார்கள், கேசட் அதையும் கேட்டுக்கொண்டது.

மழை ஓயும்போது இரண்டாம் சங்கு மிகவும் நல்ல கேசட்டாகியிருந்தது. காதுகுத்துக்குப் போடலாம். கைக்குழந்தையைத் தூங்க வைக்கலாம். அதைப் பற்றிக் குறைசொல்ல ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, அதனால் அதைக் கேட்கவும் ஒருவரும் வரவில்லை.

இன்னாசி இதையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தான். தன் அடி நிதானமானதும் எட்டானதும் அவனுக்கு வருத்தம்தான், தன் கையையே அடையாளம் தெரியாமல் போவது எவருக்கும் உவப்பானதல்ல. ஆனால் நடுவில் இருந்த அந்த நிற்றலை யாரும் தொடவில்லை, அது இருக்கும்வரை மீதி எப்படிப் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டான். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்பீக்கரில் காதை வைத்தான். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. ஏறி, அப்படியே, ஒரு தடங்கலும் இல்லாமல், வழவழவென்று மறுபக்கம் இறங்கிவிட்டது.

திரும்பச் சுற்றிப் போட்டான். குச்சி நழுவவில்லை. யாரும் நிற்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

"என்னங்க, பல்லு ரொம்ப வலிக்குதா?" என்றாள் ரெஜினா.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டான். சோலையப்பன் அடுப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். சம்பந்தம், அந்த நிற்றலைத் தான் ஒரு வேலைநிறுத்தமாகவே கருதிவந்ததாகவும் அதைக் குறை சொல்வது கொள்கைக்கு விரோதம் என்றும் சொன்னார். வேங்கடவரதன், அந்த இடத்தில் தனக்கு மயிர்க்கூச்செறியும் என்றார். கிளார்க்கின் மனைவிகூட அதைத்தான் சொன்னாள். கேட்டவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அந்தக் கேசட்டில் ஆகப் பிடித்த இடம் அதுதான் என்பதை இன்னாசி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

கடைசியாக ரெக்கார்டிங் சென்டருக்கு வந்தான். பாக்கியநாதன் ஒரு கேசட்டின் சிக்கலைப் பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா பாக்கியம்? உனக்குத் தெரியாம இருக்காது. அந்த நிக்கிற இடத்தைப் பத்தி எவன் சொன்னான்?"

பாக்கியநாதன் பென்சிலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கோச்சுக்க மாட்டீங்களேண்ணே?"

"சொல்லு."

"நீங்கதான்."

"நானா!"

"ஒருதரமா ரெண்டுதரமா? யாராவது வந்து, 'இன்னாசிண்ணே, அந்த நிக்கிற இடம் இருக்கே'ன்னு ஆரம்பிப்பாங்க. நீங்க உடனே என்ன சொல்வீங்க? 'அட போப்பா, குச்சி நழுவிடுச்சு, சொதப்பிட்டேன்.' பாட்டு ஓடி முடிஞ்ச கையோட சொல்வீங்க. 'அது ஒரு தப்பு, அவ்வளவுதான்.' வாசிச்ச ஆளே தப்புன்னு சொன்னா அது என்ன பண்ணும் பாவம்?"

இன்னாசி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

இங்கே சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. பொன்மலையில் எவரும் எதையும் வெறுமனே புகழ்வதில்லை. குழந்தை லட்சணமாக இருக்கிறது என்று சொன்ன வாய் அடுத்த மூச்சில் மூக்குதான் சப்பை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கண்பட்டுவிடும், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதைப் போல, பிடித்த பொருளின் மேல் ஒரு சிறு குறையை வைத்துவிட்டுத்தான் அவர்கள் நகர்வார்கள். தம்மைப் பற்றித் தாமே சொல்லும்போதோ வெறும் மை மட்டும்தான், முகமே தெரியாது. கன்னத்துப் பொட்டைப் பார்த்து எந்தக் குழந்தையும் தன் நிறம் கறுப்பென்று முடிவு கட்டுவதில்லை. ஆனால் இரண்டாம் சங்கு முற்போக்கு ஹெவி மெட்டல். இந்த வழக்கங்களை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"அப்ப எல்லாமே அப்படித்தானா?" என்றான் இன்னாசி மெதுவாக. "சோலையப்பன் வேகம்னு சொன்னது?"

"அந்த வேகம்னா சோலையப்பண்ணனுக்கு உசுருண்ணே. டம்ளர் கழுவுறப்பக்கூட அதைத்தான் தட்டிக்கிட்டு இருப்பாரு. கண்ணு படக்கூடாதேன்னு சொன்னாரு."

ஆக, பொன்மலைக்காரர்கள் தங்களுக்கு ஆகப் பிடித்ததையெல்லாம் தேடித் தேடி அழித்திருந்தார்கள். கேசட்டை வெறுத்தவர்கள் மூன்று பேர்தான். அவர்கள் மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனதால்தான் அதில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

செய்தி அன்று மாலைக்குள் பரவியது. பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: யாராவது, கேட்டுவிட்டு, அந்த இடத்தை, எந்தக் குறையும் ஒட்டாமல் புகழ வேண்டும். சோலையப்பன் முயன்றார். "அந்த இடம் பிரமாதம்" என்றார், வாயை மூடிக்கொண்டார், கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு "என்ன, கொஞ்சம் சின்னது" என்று கொட்டிவிட்டார். சம்பந்தம் நான்கு வாக்கியம் வரை குறை சொல்லாமல் தாக்குப்பிடித்து, ஐந்தாவதில் 'இருப்பினும்' என்று தொடங்கினார். தவிர, இல்லாத இடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்வதும் எப்படி? அன்று கூடத்தில் வாசித்தபடியே அந்த நிற்றலைக் கேட்டவன் ஊரில் ஒருவன்தான் மிச்சம். அதைத் தப்பென்று சொன்னவனும் அவன்தான்.

"தன்னைத்தானே புகழ்ந்துக்கணுமா? நான் மாட்டேன்" என்றான் இன்னாசி. "நாளைக்கு எப்படி ஷாப்புக்குள்ள தலை நிமிர்ந்து நடக்கிறது?"

ரெஜினா சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "அந்த இடத்துல அப்படி என்னதாங்க இருக்கு?"

அப்போதுதான் அவன் அவளிடம் சொன்னான். பியானோவுக்கடியில் குச்சி போனதையும், மெல்வின் நின்றதையும், என்ன சொன்னான் என்பதையும். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்டேஷன்ல மழையைப் பத்திப் பேசிட்டு வந்தீங்களே, அந்த மெல்வினா?"

"அவன்தான்."

"நாளைக்குப் போய்ச் சொல்றீங்க. கண்ணைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, அதை நான் பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை நடுப்பகல் உணவுச் சங்கு ஊதியதும் ரெக்கார்டிங் சென்டரின் முன்னால் பாய்லர் ஷாப் முழுக்க நின்றது. ரெஜினா ஒரு கையில் கல்லுப்பையும் மிளகாய்வற்றலையும் மூடி வைத்துக்கொண்டு கேசட் டெக்கின் பக்கத்தில் நின்றாள். பங்குத் தந்தை அந்தப் பக்கமாக வந்தவர், அவள் கையைப் பார்த்ததும், வானத்தில் ஏதோ பறவையைத் தேடலானார். பாக்கியநாதன் இரண்டாம் பக்கத்தை ஓட்டினார். புல்லாங்குழலும் எட்டுத் தாளமுமாகப் பாட்டு ஓடி முடிந்தது. எல்லோரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

"அந்த இடத்துல நான்..." என்றான் இன்னாசி. "நான் ஏதோ எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு..."

"நிறுத்துய்யா!" என்று கூட்டம் கத்தியது. ரெஜினா இடக்கையால் அவன் வாயைப் பொத்தினாள். "பொட்டு வைக்காம பேசுங்க" என்றாள் காதோடு. "அந்த ஆளு உங்க முன்னால நிக்கிறாருன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அவன் டெக்கின் சிறு கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ரயில் நிலையத்தில் பேசுகிறவனைப் போல, சத்தமில்லாமல்.

"அந்த இடத்துல என் குச்சி விழுந்துச்சு. மெல்வின் நின்னான். அவன் நின்னிருக்க வேண்டியதில்ல, அவனுக்குத்தான் அது பெரிய இடம், அதுக்காகத்தான் அவன் அந்தப் பாட்டையே கட்டினான். இருந்தும் நின்னான். இந்தக் கேசட்டுல அதைவிட நல்ல இடம் இல்ல. நான் குச்சியை எடுத்து அடிச்ச முதல் அடி இருக்கு பாருங்க, அந்த மாதிரி ஒரு அடி நான் அதுக்கு முன்னாலயும் அடிச்சதில்ல, பின்னாலயும் அடிச்சதில்ல. அது நல்ல அடி. அவன் நிக்கிறதை நான் எவ்வளவு நேரம் வேணாலும் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

தலை தாழ்ந்து போயிற்று அவனுக்கு. கூட்டத்தில் இரண்டு பேர் வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரெஜினா உப்பையும் மிளகாயையும் டெக்கைச் சுற்றி மூன்று முறை சுற்றி, எல்லோரையும் துப்பச் சொல்லி, டீக்கடை அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை என்று பின்னால் சொன்னார்கள். பாக்கியநாதன் கேசட்டைத் திரும்பச் சுற்றினார்.

இம்முறை புல்லாங்குழல் இல்லை. ஏழு ஏழாக வந்தது. வேங்கடவரதனின் கை தொடையில் தடுமாறியது, அவர் சிரித்தார். பாட்டு ஏறியது, சோலையப்பன் கண்ணை மூடிக்கொண்டார், உச்சத்துக்குப் போயிற்று, தடால் என்று நின்றது. சிமெண்டுத் தரையில் குச்சி உருண்டது.

"மெதுவா எடு மேன்" என்றது மெல்வினின் குரல். "நான் எங்க போகப் போறேன்?"

எல்லோரும் அந்த முதல் அடிக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. கேசட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னல் வழியாக இரண்டு சக்கரங்களும் சுற்றுவது தெரிந்தது. கூடத்துக் காற்று கேட்டது, யாரோ மூச்சு விடுவது கேட்டது, யாரும் அவசரப்படவில்லை. இன்னாசி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் காதைச் சாய்த்தான். ரெஜினா மறுபக்க ஸ்பீக்கரில் சாய்ந்தாள். உணவு நேரம் முடிந்து முதல் சங்கு ஊதியது. ஒருவரும் நகரவில்லை. இரண்டாவது சங்கும் ஊதியது. ஆர்மரி கேட் சாத்தப்படும் ஓசை கேட்டது, கேட்டைச் சாத்திய காவலாளி வெளிப்பக்கமாக நின்று சாத்திவிட்டுத் தானும் வந்து கூட்டத்தில் நின்றுகொண்டார்.

பெர்த் நகரில் அப்போது பிற்பகல். கண்ணாடித் தொழிற்சாலையின் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பி, போகுமுன் வழக்கம்போல் தன் பிரதியின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மெல்வின் பெரைரா, தோளில் மாட்டிய பையோடு நின்றபடி, பஸ்ஸைத் தவறவிட்டான்.